ஆல்ஸ்மீர் பூ ஏலம்: வேகமும் தரமும் ஒரே சீட்டில்

மொத்த வியாபாரத்தில் இருப்பவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. ஒன்று சரக்கு வேகமாகப் போகும், இல்லையென்றால் சரக்கு நன்றாக இருக்கும், ரெண்டும் சேர்ந்து நடக்காது என்பார்கள். தரம் பார்த்துக்கொண்டு நின்றால் பின்னால் நிற்கிற லாரி ஹாரன் அடிக்கும். பார்க்காமல் இறக்கினால் மத்தியானமே வாங்கினவர் மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து போடுவார். இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் சரி என்று உரசிப் பார்க்க நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலக்கூடத்தை எடுத்துக்கொள்கிறேன். அங்கே விற்பது அரிசியோ பருப்போ இல்லை. வெட்டிய நிமிடத்திலிருந்து செத்துக்கொண்டே இருக்கும் பூ. இன்று விற்காததை நாளைக்கு வைத்து விற்கலாம் என்ற சமாதானம் அங்கே கிடையாது.

ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்மேற்கே, ஸ்கிபோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது ஆல்ஸ்மீர். ஏலக் கட்டடத்தின் பரப்பு 5 லட்சம் சதுர மீட்டருக்கும் அதிகம், நம் கணக்கில் 125 ஏக்கருக்கு மேல். கென்யாவில் நைவாஷா ஏரிக்கரையில் வெட்டிய ரோஜா, எத்தியோப்பியா ரோஜா, பக்கத்து ஊர்க் கண்ணாடிக் குடிலில் பறித்த ஜெர்பரா, வசந்தத்தில் டியூலிப், தொட்டிச் செடிகள் என்று எல்லாம் இரவோடு இரவாக வந்து சேர்கின்றன. பொழுது விடியும் நேரத்தில் ஏலம் தொடங்குகிறது. அன்று பகலுக்குள் பெரும்பாலான பூ ஏற்றுமதி லாரிகளில் ஏறி ஜெர்மனிக்கும் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் புறப்பட்டுவிடும்.

நடத்துவது ஒரு கூட்டுறவு. பூ வளர்ப்பவர்களே உறுப்பினர்கள், அவர்களே முதலாளிகள். 1911-ல் ஆல்ஸ்மீர் விவசாயிகள் ஒரு காப்பிக் கடையில் கூடித் தொடங்கியது இது. தரகர்கள் ஒவ்வொருவராகப் பிடித்து விலையை அடித்ததற்குப் பதிலாக, எல்லாரும் ஒரே இடத்தில் சரக்கை வைத்து வாங்குபவர்களைப் போட்டி போட வைப்போம் என்பதுதான் யோசனை. ஊரில் இரண்டு ஏலச் சங்கங்கள் இருந்தன. 1968-ல் இரண்டும் ஒன்றாயின, 1972-ல் இப்போதைய கட்டடத்துக்கு வந்தன. 2008-ல் நாட்டின் இன்னொரு பெரிய பூ ஏலக் கூட்டுறவான ஃப்ளோராஹாலந்தோடு இணைந்தது. இன்றைய பெயர் ராயல் ஃப்ளோராஹாலந்து.

கடிகாரம் எப்படி ஓடுகிறது

நம் ஊர் ஏலத்தில் விலை ஏறும். ஒருவர் நூறு என்பார், அடுத்தவர் நூற்றுப் பத்து என்பார், மூன்று தரம் சொல்லி முடிப்பார்கள். மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசும் பேரமும் அப்படித்தான், போய்வந்துதான் முடியும். ஆல்ஸ்மீரில் விலை இறங்குகிறது. பெரிய வட்டக் கடிகாரத்தில் புள்ளி ஒன்று உச்ச விலையிலிருந்து கீழே ஓடிவரும். வாங்க நினைப்பவர் தன் மேசைப் பொத்தானை அழுத்தினால் புள்ளி நின்றுவிடும். நின்ற இடம்தான் விலை, அழுத்தியவர்தான் வாங்கியவர். இது பூவுக்கென்று பிறந்த முறை இல்லை. 1887-ல் வடக்கு ஹாலந்தின் ப்ரூக் ஓப் லாங்கடைக் என்ற ஊரில் காய்கறி விற்கத் தொடங்கிய ஏலத்தின் வழியில் வந்தது.

இதில் இருக்கும் உற்பத்தித் திறன் பலர் கண்ணில் படுவதில்லை. ஏறும் ஏலத்தில் ஒரு விற்பனைக்குப் பத்துக் குரல் வேண்டும். இறங்கும் ஏலத்தில் ஒரே ஒரு அழுத்தம் போதும். ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் ஏலத்துக்கு வரும் ஒரு தொகுதிச் சரக்கு, போக மூன்று நான்கு விநாடிதான். 1990-களில் ஆல்ஸ்மீரில் 13 கடிகாரங்கள் ஓடின. பேச்சே இல்லாத ஏலம் அது. அழுத்தியவர் ஒலிவாங்கியில் எத்தனை வாளி வேண்டும் என்று மட்டும் சொல்வார். பத்து வாளி லாட்டில் அவர் நான்கு எடுத்தால், மீதி ஆறுக்குப் புள்ளி கொஞ்சம் மேலே ஏறி மறுபடி இறங்கத் தொடங்கும். அதற்குள் முந்தியவருக்கு ரசீது தயார்.

பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வியாபாரியின் நிலையைக் கொஞ்சம் யோசியுங்கள். அரை விநாடி முந்தினால் காம்புக்கு ஒரு சென்ட் கூடப் போய்விடும். ஒரு வாளியில் பல பத்துக் காம்பு, அவர் எடுப்பது எத்தனையோ வாளி. அரை விநாடி பிந்தினால் பக்கத்தில் இருப்பவர் அழுத்திவிடுவார், ஜெர்மனியில் இருக்கும் அவருடைய வாடிக்கையாளருக்குப் பூ இல்லை. இந்த நெருக்கடியில் அவரால் வாளியைத் திறந்து பார்க்க முடியாது, காம்பை அளக்க முடியாது, இலைக்கடியில் பூஞ்சை இருக்கிறதா என்று புரட்ட முடியாது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் தெரியும் நாலு வரி விவரத்தை நம்பித்தான் அழுத்துகிறார்.

ஆக, அந்த நாலு வரி பொய்யானால் வேகம் போய்விடும். வியாபாரி தயங்குவார். தயங்கினால் புள்ளி இன்னும் கீழே போகும். விலை சரியும், ஏலம் இழுக்கும், வண்டிகள் வரிசையில் நிற்கும், பூ வெயிலிலும் காற்றிலும் காயும். ஆல்ஸ்மீரில் தரம் பார்ப்பது வேகத்தைக் கெடுக்கும் வேலையாக இல்லாமல், வேகத்துக்கு முட்டுக் கொடுக்கும் வேலையாகவே இருக்கிறது. இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

சீட்டை எழுதுவது யார், திருத்துவது யார்

சரக்கோடு வரும் இந்த விவரச் சீட்டை எழுதுவது பூவை வளர்த்தவர். எந்த இனம், காம்பு எத்தனை சென்டிமீட்டர், மொட்டு எந்த அளவு விரிந்திருக்கிறது, ஒரு காம்பில் எத்தனை மொட்டு, வாளிக்கு எத்தனை கட்டு, தரம் ஏ1-ஆ ஏ2-ஆ பி1-ஆ என்பதையெல்லாம் அவரே குறித்து அனுப்புகிறார். முன்பு தாள், இப்போது கணினியில். நாட்டில் உள்ள பூ ஏலங்களுக்கெல்லாம் பொதுவான குறியீட்டுத் தொகுப்பு உண்டு. அதனால் "நல்ல பெரிய சைஸ்" என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. 60 என்றால் 60 சென்டிமீட்டர். மொட்டு விரிவுக்கும் எண் இருக்கிறது. அது ஒன்று தப்பினாலே வாங்கியவர் கடைக்குப் போய்ச் சேருவதற்குள் ரோஜா மலர்ந்து தொங்கிவிடும், அல்லது விரியாமலேயே நின்றுவிடும்.

அப்புறம் ஏலக்கூடத்தின் சோதகர்கள். சரக்கு வந்திறங்கும் இரவிலேயே குளிர் அறைக்குள் வாளிகளுக்கு நடுவே நடந்து பார்ப்பார்கள். வந்த ஒவ்வொரு காம்பையும் யாராலும் பார்க்க முடியாது. எடுத்துப் பார்த்ததில் சீட்டுக்கும் பூவுக்கும் பொருந்தவில்லை என்றால் தரத்தை இறக்குவார்கள், அல்லது குறிப்பு ஒன்றைச் சேர்ப்பார்கள். அந்தக் குறிப்பு கடிகாரத்தில் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

இதோடு நின்றிருந்தால் உலகத்தில் எங்கும் நடக்கும் தரச் சோதனைதான் இது. ஆல்ஸ்மீர் முறையில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வருவது. பூவின் தரத்துக்கு ஒரு மதிப்பு, சீட்டின் உண்மைக்குத் தனியாக இன்னொரு மதிப்பு. வளர்ப்பவர் எழுதியதும் சோதகர் கண்டதும் தொடர்ந்து எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கணக்கிட்டு, அவர் பெயருக்கு ஒரு நம்பக மதிப்பெண் போட்டு, அதையும் ஏலத்தின்போது காட்டினார்கள்.

இரண்டையும் ஏன் பிரிக்க வேண்டும்? குட்டைக் காம்பு ரோஜா குற்றமில்லை. கல்லறைக்கு வைக்கும் பூங்கொத்துக்கும், சூப்பர் மார்க்கெட்டில் மலிவாகப் போகும் கட்டுக்கும் குட்டைக் காம்புதான் வேண்டும். அதை 40 என்று எழுதி அனுப்பியவர் யோக்கியர். 50 சென்டிமீட்டர் பூவை 60 என்று எழுதியவரிடம்தான் சிக்கல், அவருடைய பூ பார்க்க அழகாகவே இருந்தாலும். தரம் என்றதும் உயர்ந்த சரக்கு என்று மட்டும் நினைப்பது நம் பக்கத்துப் பழக்கம். மொத்த வியாபாரத்தில் வாங்குபவருக்கு முதலில் வேண்டியது சொன்னபடி இருக்கும் சரக்கு. சொன்னபடி இருக்கும் இரண்டாம் தரத்தை அவர் விலை போட்டு விற்றுவிடுவார். முதல் தரம் என்று வந்த இரண்டாம் தரம்தான் அவருக்குக் கையைக் கடிக்கும்.

தண்டனை என்று தனியாக எதுவும் கொடுக்கத் தேவைப்படவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். நம்பக மதிப்பெண் குறைந்தவரின் லாட் வரும்போது வியாபாரிகள் அரை விநாடி பொறுத்து அழுத்துவார்கள். அந்த அரை விநாடி அவருடைய பணப்பையிலிருந்து போகிறது. மேலாளர் கூப்பிட்டுக் கண்டிப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். கண்டிப்புக்குச் சமாதானம் சொல்லலாம், விலைக்கு என்ன சொல்வது?

கண்ணுக்குத் தெரியாத தரம்

காம்பு நீளத்தை அளக்கலாம். வாங்கியவர் வீட்டு ஜாடியில் பூ எத்தனை நாள் நிற்கும் என்பதை ஏல நாளில் யார் பார்த்தும் சொல்ல முடியாது. அதற்கென்று சோதனை அறைகள் இருக்கின்றன. 20 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம், 12 மணி நேர வெளிச்சம் என்று ஒரு சாதாரண ஐரோப்பிய வீட்டின் நிலையை உண்டாக்கி, ஜாடிகளில் பூவை வைத்து, தினமும் யாராவது வந்து குறித்துக்கொண்டு போவார்கள். கழுத்து ஒடிந்து தலை சாய்ந்த ரோஜா, இதழ் ஓரம் பழுப்பேறியது, தண்ணீர் கலங்கியது என்று எல்லாம் ஏட்டில் ஏறும். ஜாடி ஆயுள் என்பது இப்படித்தான் பேச்சிலிருந்து கணக்குக்கு வந்தது.

இதில் சுத்தம் பெரிய பங்கு வகிக்கிறது. அழுக்கு வாளியில் நிற்கும் தண்ணீரில் பாக்டீரியா பெருகும், அது காம்பின் குழாய்களை அடைக்கும், பூ தண்ணீருக்குள்ளேயே நின்றுகொண்டு தாகத்தில் வாடும். ஜெர்பராவுக்கு இது சட்டென்று வரும், அதனால் குளோரின் கலந்த தண்ணீர். கார்னேஷன் எத்திலீன் வாயுவுக்குப் பயந்த பூ. பழுக்கும் பழமும் வண்டிப் புகையும் அதை ஒரே நாளில் சுருட்டிவிடும். வெட்டியவுடன் வெள்ளி உப்புக் கரைசலில் நிறுத்தினால் தாங்கும். இப்படிப்பட்ட முன் பக்குவத்தைச் சில பூக்களுக்கு ஏலங்களே கட்டாயமாக்கின. ரோஜாவுக்கு வேறு தொல்லை. குளிர் அறையிலிருந்து வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைத்தால் இதழில் நீர்த்துளி படியும், அதில் சாம்பல் பூஞ்சை பிடிக்கும்.

இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வையுங்கள். ஏலக்கூடத்தின் பழைய முறையில் பூ ஏறிய வண்டிகள் ஒவ்வொன்றும் குளிர் அறையிலிருந்து கிளம்பி, தண்டவாளத்தில் ஏலக்கூடத்துக்குள் வந்து, கடிகாரத்துக்குக் கீழே வியாபாரிகள் முன்னால் நின்று, மறு பக்கம் வெளியே போயின. வியாபாரிகள் திரையரங்கு போன்ற படி வரிசைகளில் உட்கார்ந்து பார்த்தார்கள். பார்க்கப் பிரமாதமான காட்சி. பூவுக்கோ அது சூட்டில் ஒரு வீண் ஊர்வலம். ஆட்களுக்கு ஒரு வீண் நடை. இந்த ஊர்வலத்தை நிறுத்த முடியுமா என்ற கேள்விதான் 1990-களின் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்தது.

தோற்ற இரண்டு, ஜெயித்த ஒன்று

1991-ல் ஆல்ஸ்மீருக்குப் போட்டியாக இருந்த இன்னொரு ஏலம் தொட்டிச் செடிகளுக்கு விடிஃப்ளூர் என்ற முறையைக் கொண்டுவந்தது. செடி வந்தவுடன் படம் எடுத்து, ஏலத்தின்போது திரையில் காட்டுவது. செடி இருந்த இடத்திலேயே இருக்கும், வியாபாரி வேண்டுமானால் தன் அலுவலகத்திலிருந்தே வாங்கலாம். காகிதத்தில் படித்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் கைவிட்டுவிட்டார்கள்.

என்ன ஆயிற்று? அன்றைய திரையில் படம் தெளிவாக இல்லை. அது சின்னக் காரணம். பெரிய காரணம், வியாபாரிக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. விலை குறையவில்லை, சரக்கு முன்பைவிட நல்லதாக வரவில்லை. கூடத்துக்கு வெளியே இருந்து வாங்கினால் அவர் இழந்ததோ நிறைய. பக்கத்து இருக்கைக்காரர் இன்று எதை அள்ளுகிறார், யார் முகத்தில் அவசரம் தெரிகிறது, அடுத்த வாரம் பண்டிகைக்கு யாருக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்ற செய்தியெல்லாம் கூடத்தில் காற்றில் இருந்தது. திரையில் அது வராது.

1994-ல் ஆல்ஸ்மீரே இன்னொன்றை முயன்றது, அதுவும் தொட்டிச் செடிகளுக்கு. வளர்ப்பவர் மொத்தச் சரக்கையும் கொண்டுவராமல் ஒரு மாதிரியை மட்டும் அனுப்ப வேண்டும். மாதிரியைப் பார்த்து ஏலம் நடக்கும். வாங்கியவர் கேட்டபடி பேக் செய்து மறுநாள் அனுப்பிவிடலாம். ஏலக்கூடத்துக்கு இடம் மிச்சம், கையாளும் வேலை மிச்சம், செடிக்கு அலைச்சல் மிச்சம். கூட்டுறவு எதிர்பார்த்ததில் கால்வாசி அளவுக்குக்கூடச் சரக்கு இந்த வழியில் வரவில்லை. அதே ஆண்டு கடைசியில் நிறுத்தினார்கள்.

தோல்வியின் காரணம் எளிமையானது, ஆனால் இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். மிச்சம் எல்லாம் ஏலக்கூடத்துக்குப் போனது, கூடுதல் வேலை மற்றவர்களுக்குப் போனது. வளர்ப்பவர் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனியாகப் பேக் செய்ய வேண்டும், அதற்கு அதிக விலை கிடைக்கவில்லை. வாங்குபவர் பொத்தானை அழுத்திய பிறகு எப்படிப் பேக் செய்ய வேண்டும், எப்போது வேண்டும் என்று விவரம் சொல்ல வேண்டும், அதனால் ஒரு மணி நேரத்தில் முடியும் விற்பனைகளின் எண்ணிக்கை குறைந்தது. வேகமாக்க வந்த திட்டம் ஏலத்தையே மெதுவாக்கிவிட்டது. நிர்வாகம் தன் பக்கத்துச் செலவை மட்டும் பார்த்து வேலைமுறையை மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

இதே காலத்தில் வேறொரு சண்டை. ஆப்பிரிக்க ரோஜா அதிகமாக வந்து விலையைக் கெடுக்கிறது என்று உள்ளூர் உறுப்பினர்கள் கொதித்தார்கள். கூட்டுறவில் ஓட்டு அவர்களுடையது, ஆகவே இறக்குமதிப் பூவுக்குக் கட்டுப்பாடு வந்தது. அடைபட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. ஈஸ்ட் ஆப்பிரிக்கன் ஃப்ளவர்ஸ் என்ற இறக்குமதி நிறுவனம் 1995-ல் டெலி ஃப்ளவர் ஆக்‌ஷன் என்ற பெயரில் தன் சொந்த ஏலத்தைத் தொடங்கியது. கூடமே இல்லாத ஏலம். பூ அவர்களுடைய குளிர் அறையில் இருக்கும். வியாபாரி தன் அலுவலகக் கணினித் திரையில் கடிகாரத்தைப் பார்த்து வாங்குவார். சற்று நேரத்தில் வண்டி அவர் வாசலில் நிற்கும்.

யோசனை விடிஃப்ளூரின் யோசனைதான். இது மட்டும் ஏன் ஜெயித்தது? முதலில், வியாபாரிக்கு வேறு வழியில் கிடைக்காத சரக்கு இங்கே கிடைத்தது, கஷ்டப்பட்டுக் கணினி வாங்கி வைக்க அது போதுமான காரணம். இரண்டாவது, எல்லாருமே திரையில் வாங்கினார்கள். கூடத்தில் இருப்பவருக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் போகிறதே என்ற கவலைக்கு இடமில்லை. மூன்றாவது, என் கணிப்பில் இதுதான் முக்கியம், படத்தை நம்பி வாங்க வைக்க வேண்டுமென்று அந்த நிறுவனம் தரச் சோதனையில் பணம் போட்டது. பூவைப் பார்க்க முடியாத வியாபாரிக்குப் பதிலாகத் தங்கள் ஆட்களைப் பார்க்கச் சொன்னது.

பிற்பாடு, ஆல்ஸ்மீரும் அதே வழிக்கு வந்தது. 2000-க்குப் பிறகு படத்தை வைத்து ஏலம் விடுவது படிப்படியாகக் கூடங்களுக்குள் நுழைந்தது. தொலைவிலிருந்து வாங்குவதும் பரவியது. இன்று பூ ஊர்வலம் போவதில்லை. குளிர் அறையிலேயே இருந்துவிட்டு, விற்றபின் நேராக வாங்கியவர் வண்டிக்குப் போகிறது. 1991-ல் தோற்றது பிறகு எடுபட்டதற்கு நல்ல திரை மட்டும் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் சீட்டுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது. பொதுக் குறியீடு, சோதகர் குறிப்பு, நம்பக மதிப்பெண் எல்லாம் சேர்ந்து, பூவைப் பார்க்காமல் வாங்குவது சூதாட்டம் இல்லை என்று ஆக்கியிருந்தன. தரத்தில் செய்த முதலீடு வேகம் என்ற லாபமாகத் திரும்பி வந்தது இங்கேதான்.

வண்டி இழுக்கும் வேலை

ஏலத்தைப் பற்றிப் பேசும் எல்லாரும் கடிகாரத்தைப் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆட்கள் அதிகம் வேலை செய்வது கடிகாரத்துக்குப் பின்னால். விற்றது ஒரு லாட், வாங்கியவர்கள் ஐந்து பேர் என்றால், வண்டியிலிருந்து வாளிகளை ஐந்தாகப் பிரித்து, ஒவ்வொருவர் வண்டியிலும் அவரவர் பங்கை வைக்க வேண்டும். பிறகு சின்ன மின் டிராக்டரில் வண்டிகளைக் கோத்து, கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் வியாபாரிகளின் கிடங்குகளுக்கு இழுத்துப் போக வேண்டும். மேலே நின்று பார்த்தால் நூற்றுக்கணக்கான குட்டி ரயில்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது தெரியும், சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்து அதைப் பார்க்கிறார்கள்.

இந்த வேலையின் அளவைத் தீர்மானிப்பது வந்த பூவின் எண்ணிக்கை இல்லை, லாட்டுகளின் எண்ணிக்கையும் அவை எத்தனை பேருக்குப் பிரிகின்றன என்பதும்தான். ஆயிரம் வாளியை ஐம்பது பேர் வாங்கினால் ஒரு வேலை, ஐந்நூறு பேர் வாங்கினால் பத்து மடங்கு வேலை. வேகமாக ஓடுங்கள் என்று ஆட்களை விரட்டி இதைச் சரிசெய்ய முடியாது. ஏலங்கள் கட்டணத்தில் கை வைத்தன. விற்ற தொகையில் கமிஷன் மட்டும் வாங்காமல், லாட்டுக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்றும் வசூலித்தன. துண்டு துண்டாகச் சரக்கு அனுப்பினால் அதன் செலவு அனுப்பியவர் தலையில் விழும். மாதிரி ஏலத்தில் செய்த தவறின் நேர்மாறு இது. வேலையை உண்டாக்குபவரே அதற்குப் பணம் கொடுக்கிறார், ஆகவே குறைக்க வேண்டிய அக்கறையும் அவருக்கு வருகிறது.

பணப் பட்டுவாடா பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடவும் முடியாது. வாங்குபவர் பணத்தை ஏலத்துக்குத்தான் கட்டுகிறார், விற்றவருக்கு ஏலம் கொடுக்கிறது. வளர்ப்பவர் வியாபாரி பின்னால் அலைவதில்லை. கடன் பாக்கி, தள்ளுபடி, "அடுத்த லோடில் பார்த்துக்கலாம்" என்ற பேச்சு எதுவும் கடிகாரத்துக்கு முன்னால் நடப்பதில்லை. மூன்று விநாடியில் ஒரு விற்பனை முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது நெருக்கும் சிக்கல்

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. இன்று ராயல் ஃப்ளோராஹாலந்து வழியாகப் போகும் வியாபாரத்தில் பாதிக்கு மேல் கடிகாரத்துக்கு வருவதே இல்லை. வளர்ப்பவரும் பெரிய வியாபாரியும் நேரடியாக விலை பேசி முடிக்கிறார்கள், ஏலம் பணத்தையும் போக்குவரத்தையும் பார்த்துக்கொள்கிறது. சூப்பர் மார்க்கெட்டுகளுக்கு ஒரு மாதத்துக்கு முன்பே விலை தெரிய வேண்டும், காலைக் கடிகாரத்தை நம்பி அவர்களால் விளம்பரம் அச்சடிக்க முடியாது.

வேலையிடத்துக்கு இதன் பாதிப்பு நேரானது. கடிகாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கூடத்துக்கும் குளிர் அறைக்கும் ஆட்களுக்கும் செலவு அதேதான். அதனால் ஆல்ஸ்மீர், நால்ட்வைக், ரைன்ஸ்பர்க் ஆகிய ஊர்க் கடிகாரங்களைச் சேர்த்து, எங்கே கிடக்கும் பூவையும் எங்கிருந்தும் வாங்கும்படி நாடு முழுவதற்கும் ஒரே ஏலமாக மாற்றினார்கள். சோதகரின் வேலை இதில் இன்னும் கனத்துவிட்டது. முன்பு சந்தேகம் வந்தால் வியாபாரி ஏலத்துக்கு முன் ஒரு நடை குளிர் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இன்னொரு ஊரில் கிடக்கும் பூவைப் போய்ப் பார்ப்பது யார்? நேரடி விற்பனையிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பேசி முடித்த விலைக்கும் கடிகார விலைதான் அளவுகோல். கடிகாரத்துக்கு நல்ல சரக்கு குறைந்துகொண்டே போனால் அந்த அளவுகோலே தேயும்.

நம் மண்டிக்கு எது ஒத்துவரும்

இதைப் படித்ததும் கோயம்பேட்டுக்கும் தோவாளைக்கும் மாட்டுத்தாவணிக்கும் ஒரு கடிகாரம் வாங்கி மாட்டலாம் என்று தோன்றலாம். பெங்களூரு ஹெப்பாலில் மின்னணு முறையில் மலர் ஏலம் நடக்கவே செய்கிறது. ஒசூர் பக்கத்து ரோஜாவுக்கு அந்த மாதிரி ஏலம் பொருந்தும். காம்பு உண்டு, நீளம் உண்டு, கட்டு உண்டு. மல்லிகைக்கு அப்படியே பொருந்தாது. மல்லி எடையில் போகும் சரக்கு, மொட்டாக வந்து சாயங்காலமே மலர்ந்துவிடும், கூடையில் தண்ணீர் தெளித்து எடை கூட்டுவதும் உண்டு. கொண்டுவருபவர்களில் பலருக்குச் சில கிலோதான் சரக்கு. அதற்கும் மேலே, விவசாயி பலர் கமிஷன் கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். பூ எந்தக் கடைக்குப் போக வேண்டும் என்பது பூ பூப்பதற்கு முன்பே முடிவாகிவிட்டது. போட்டி போட வாங்குபவர் இருந்தும் கடிகாரத்துக்குச் சரக்கு வராது.

எடுத்துக்கொள்ளக்கூடியது சீட்டுதான். தக்காளிப் பெட்டியோ வெங்காய மூட்டையோ கேரட் சாக்கோ, எந்த மொத்தக் கடையிலும் சொன்ன தரமும் திறந்து பார்த்த தரமும் எத்தனை தடவை ஒத்துவந்தது என்று அனுப்புபவர் வாரியாக எழுதி வைக்க மின்னணுக் கடிகாரம் வேண்டாம், ஒரு நோட்டுப் போதும். மேலே நல்லது கீழே கழிவு என்று பெட்டி அடுக்குபவர் யார் என்பது கணக்குப்பிள்ளைக்கு வாய்ப்பாடமாகத் தெரியும். ஆனால் அது அவர் தலைக்குள் இருக்கிறது, அடுத்த வாரம் விலை போடும்போது பாதி நினைவிலும் பாதி முகத்தாட்சணியத்திலும் கரைந்துபோகிறது. எழுதி, கடை வாசலில் தெரியும்படி வைத்தால், வாங்க வருபவர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கும் நேரம் குறையும். சுமைப்பணிக்காரர்கள் காத்து நிற்கும் நேரமும் அதோடு சேர்ந்து குறையும்.

யார் எழுதுவது என்பதில்தான் தகராறு வரும். கடைக்காரர் எழுதினால் விவசாயி நம்ப மாட்டார், விலையை அடிக்கத்தான் இந்த நோட்டு என்பார். வாங்குபவர் எழுதினால் ரெண்டு பேருமே நம்ப மாட்டார்கள். ஆல்ஸ்மீரில் எழுதுபவர் ஏலக்கூடத்தின் ஆள், விற்பதிலோ வாங்குவதிலோ அவருக்குப் பங்கு இல்லை, அவரை வேலைக்கு வைத்தது விவசாயிகளின் கூட்டுறவு. கோயம்பேட்டில் அந்த இடத்துக்குப் பொருந்தும் ஒரே அமைப்பு அங்காடி நிர்வாகக் குழு. கடைகளிடம் பராமரிப்புக் கட்டணம் ஏற்கெனவே வாங்குகிறது. அதில் ஒரு பகுதியைச் சோதகர் சம்பளத்துக்கு ஒதுக்கலாம். ஒரே ஒரு பொருளுக்கு, தக்காளிக்கு மட்டும், ஒரு சீசன் வைத்துப் பார்த்தாலே போதுமானது. தக்காளி என்று சொல்லக் காரணம், பெட்டிக் கணக்கில் வருகிறது, சீக்கிரம் அழுகும், பெட்டியின் அடியில் கழிவை வைக்கும் ஏமாற்று வேலையும் அதில்தான் அதிகம்.